சுற்றாத காற்றாலை

நல்ல ரிசல்ட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை. கெட்டது வந்தால்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தவறைத் தேடுவோம். எனக்கு இது புரிந்த இடம், ஹைதராபாத் நாச்சாரத்தில் ஒரு மீட்டிங் ரூம்.

காற்றாலை இறக்கைகளுக்கு வடிவமைப்பு வேலை செய்யும் சின்னக் கம்பெனி அது. எனக்குத் தற்காலிக வேலை. காற்று சீராக அடிக்காது. திடீரென்று வேகமெடுத்து இறக்கையை வளைக்கும். வளைந்து வளைந்து அடிப்பக்கம் விரிசல் விடும். அதனால் பலத்த காற்று வரும்போது இறக்கையைக் கொஞ்சம் திருப்பி, தணிந்ததும் பழையபடி கொண்டுவர வேண்டும். (நெரிசலான பஸ்ஸில் கண்டக்டருக்கு ஒருக்களித்து வழிவிடுவோமே, அதேதான்.) கம்ப்யூட்டரிலேயே காற்றடிக்க வைத்து, இப்படித் திருப்பினால் இறக்கை தாங்கும் சுமை குறைகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. வாடிக்கையாளருக்குப் பிடித்தால் ஆர்டர். ஆர்டர் வந்தால் என் வேலை நிரந்தரம். நிரந்தரமானால், காற்றாலைகள் சூழ்ந்த வள்ளியூரில் இருந்த மனைவி செல்வியும் மகள் யாழினியும் லோத்குண்டாவில் நான் தனியாகக் கிடந்த வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

மீட்டிங்குக்கு முந்தின நாள் சுமை பாதிக்கும் கீழே இறங்கியது. நாற்காலியோடு துள்ளினேன். உடனே செல்விக்குப் போன்.

"நெசமாத்தான் சொல்லுதியளா? அப்ப ஸ்கூல் வேலைய விட்டுரட்டா?"

"விட்டுரு. நான் இருக்கேன்லா!"

(அந்தத் திமிரை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.)

மறுநாள் வாடிக்கையாளர் தரப்பில் ஃபர்ஹானா மேடம் வந்தார். பழைய ஹைதராபாத்காரர், தலைமை இன்ஜினியர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் என் முதலாளி ராவ் சார். நான் எழுந்து நிற்கும்போது செல்வியின் மெசேஜ் வந்தது: "ராஜினாமா குடுத்தாச்சு. இனி நீங்கதான் பாத்துக்கிடணும்."

ப்ரொஜெக்டரைப் போட்டதும் சுவரில் என் வரைபடம் விரிந்தது. சுமைக்கோடு அழகாகச் சரிந்து இறங்கியது. ராவ் சார் தலையாட்டினார். அப்போதுதான் வலது மூலையில் அதைப் பார்த்தேன். உற்பத்தியாகும் மின்சாரத்தைக் காட்டும் குட்டி வரைபடம். மென்பொருள் தானாகவே போட்டது. லேப்டாப்பில் நகம் அளவுதான் இருந்ததால் நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சுவரில் அது ஜன்னல் அளவு இருந்தது. அதில் மின்சாரம் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.

காற்று வந்தால் இறக்கையைத் திருப்பச் சொல்லி ப்ரோக்ராமில் எழுதியிருந்தேன். திரும்பி வரச் சொல்லும் வரியை ஏதோ சோதனைக்காக எடுத்துவிட்டு, மறுபடி போடவே இல்லை. முதல் வேகக் காற்றுக்கே மூன்று இறக்கையும் ஒருக்களித்து, காற்றாலை நின்றுவிட்டது. நின்றுபோன காற்றாலையில் சுமை குறையாமல் என்ன செய்யும்?

நான் செய்த அடுத்த காரியம்தான் மகா கேவலம். மெல்ல நகர்ந்து அந்த மூலையை முதுகால் மறைத்துக்கொண்டேன். பூஜ்யம் என் சட்டையில் விழுந்தது. அங்கிருந்து அசையாமல், கையை மட்டும் எக்கி எக்கிச் சுமைக்கோட்டைக் காட்டினேன். செல்வியின் ராஜினாமாவைத் திரும்ப வாங்க முடியுமா என்று மனசு ஒரு பக்கம் தவித்தது.

"ஏமய்யா, கொஞ்சம் ஜருகு" என்று பாதித் தெலுங்கில் நகரச் சொன்னார் ராவ் சார்.

"அது முக்கியமில்லை சார்."

"ஜரா ஹட்டோ பாய்" என்றார் மேடம். அதற்கு மேலும் நிற்கத் தைரியமில்லை. நகர்ந்தேன்.

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "கரெண்ட் கைக்கு நை ஆரா?"

ஏன் கரண்ட் வரவில்லை. அதற்கு நான் சொன்ன பதில்: "இறக்கை பத்திரமாக இருக்கிறது மேடம்."

அப்படியானால் குடோனிலேயே போட்டு வைக்கலாமே, இன்னும் பத்திரமாக இருக்கும் என்று ஹிந்தியில் சொன்னார். சிரிக்காமல். ராவ் சார் முகத்தை நான் பார்க்கவில்லை.

வெளியே வந்து செல்வியை அழைத்தேன்.

"அது... சுத்தவே இல்ல செல்வி."

"நம்மூர்ல சின்னப்புள்ளகூட சொல்லிருமே, எந்தக் காத்தாடி ஓடுது, எது நிக்குதுன்னு! அதப் பாக்காம என்னத்தப் பாத்திய?" என்றாள். அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "சரி, டிக்கெட் போட்டாச்சு. நாங்க வாரோம்."

அவர்கள் வந்த வாரம் அந்த வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். சுமை கொஞ்சம்தான் குறைந்தது. ஆனால் காற்றாலை சுற்றியது. அடுத்த மீட்டிங்கில் மேடம் முதலில் மூலையைப் பார்த்தார், பிறகுதான் என்னை. ஆர்டர் கிடைத்தது, வேலையும் நிலைத்தது.

யாழினி இப்போது இங்கே பள்ளியில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில். போன ஞாயிறு சமையல் என் பொறுப்பு. செல்வி வெளியே போய்த் திரும்பியபோது அடுப்படி கண்ணாடி மாதிரி மின்னியது. துடைத்து வைத்த சமையல் மேடையைப் பெருமையாகக் காட்டினேன்.

யாழினி ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் காலி. என் காற்றாலைக் கதை அம்மா சொல்லி அவளுக்கு அத்துப்படி.

"திருகுதோந்தா நான்னா?" என்றாள். சுற்றுகிறதா அப்பா, என்று.

செல்வி பிரியாணிக்குப் போனை எடுத்தாள்.