காதுக்கு இதமான தீர்மானம்

குடிநீர் வாரியத்தில் கூட்டக் குறிப்பு எழுதுகிறவருக்கு ஒரு ஹெட்போன் தேவைப்பட்டது. விஷயம் அவ்வளவுதான்.

மாதந்தோறும் தலைவர் அறையில் நடக்கும் கூட்டத்தை ரெக்கார்டு செய்வார்கள். அதைக் கேட்டு டைப் அடித்து, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, மேஜைக்கு மேஜை அனுப்புவது குறிப்பாளரின் உத்தியோகம். அவரிடமிருந்த பழைய ஹெட்போனில் இடது பக்கம் எப்போதோ ஊமையாகிவிட்டது. ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் உள்ள சலுகைகூட அவருக்கு இல்லை. வலது பக்கமும் விட்டு விட்டுத்தான் கேட்கும். விட்ட இடத்தை அனுபவத்தால் நிரப்பிக்கொள்வார். "குழாய்... இந்த மாதத்துக்குள்..." என்று காதில் விழுந்தால், "பழுதடைந்த குழாயை இம்மாதத்துக்குள் மாற்ற ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதுவார். இத்தனை வருஷ சர்வீஸில் வாரியம் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியாதா?

காது மடல் புண்ணாகிப் போனதால்தான் புதியது கேட்டார். வாரியமும் தாராள மனதோடு, கடையில் இருப்பதிலேயே மலிவான இரண்டை வரவழைத்து, "ஒலித்தரம், அணிவோர் நலன் ஆகிய இரு கோணங்களிலும் ஆய்ந்து பரிந்துரைக்கவும்" என்று அவரிடமே ஒப்படைத்தது. முதலாவதில் ஊசி விழுந்தாலும் கேட்கும். ஆனால் தலையை இடுக்கி மாதிரி பிடிக்கும். இரண்டாவது காதுக்குத் தலையணை வைத்த மாதிரி இருக்கும். ஆனால் பேசுகிறவர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டாரோ என்று கவலையாக இருக்கும்.

ஆய்ந்து பரிந்துரைக்கவும் என்ற வார்த்தை குறிப்பாளரின் தலைக்கு ஏறிவிட்டது. போனில் ஹெட்போன் நிபுணர்களின் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். சாப்பிடும்போது மனைவியிடம், உன் குரலில் கீச்சென்ற ட்ரெபிள் கொஞ்சம் தூக்கல், கனமான பேஸ் போதவில்லை என்று கருத்துத் தெரிவித்தார்.

"குழாயைத் திறந்தா நாலு நாளா காத்துதான் வருது. அது பேஸா ட்ரெபிளான்னு கேட்டுச் சொல்லுங்க," என்றாள் அவள்.

நிபுணர்களைக் குடும்பத்தார் புரிந்துகொள்வதில்லை என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் முதலாவது ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிக் கூட்டத்தின் ரெக்கார்டிங்கைப் போட்டார். முதலில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. பிறகு பொறியாளர் தன் வீட்டு மாடிக்கு எந்த டைல்ஸ் போடலாம் என்று கணக்கு அதிகாரியைக் கேட்டார். தலைவர் தன் முழங்கால் வலியின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். குழாயின் முறை வந்தபோது, "குழாய் சமாசாரமெல்லாம் இந்த மாதத்துக்குள்ள முடியாதுய்யா, மழை வரட்டும் பாக்கலாம்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

குறிப்பாளருக்குச் சந்தேகம் வந்தது. பழைய ரெக்கார்டிங்குகளையும் போட்டுப் பார்த்தார். வாரியம் இதுவரை எதையுமே தீர்மானித்திருக்கவில்லை. ஆனால் அவர் எழுதினார், தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார், கீழே இருந்தவர்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் குழாயை மாற்றினார்கள். இரண்டு தெருக்காரர்கள் தலைவருக்கு நன்றி சொல்லி பேனர்கூடக் கட்டினார்கள். ஊர் இத்தனை நாள் குடித்தது இவருடைய செவிட்டுத்தனத்தை.

வேறு யாராக இருந்தாலும் அந்த ஹெட்போனைக் கழற்றி டிராயரில் போட்டுப் பூட்டியிருப்பார்கள். நம்மவர் நிபுணர் ஆயிற்றே. ஒலித்தரத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்று, பிஸ்கட் சத்தம் நீங்கலாக, கேட்டதைக் கேட்டபடி டைப் அடித்து, வழக்கம்போல் கையெழுத்து வாங்கி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்.

மத்தியானமே தலைவர் அறைக்கு வரச்சொன்னார்கள். பொறியாளரும் கணக்கு அதிகாரியும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் இப்படியெல்லாம் பேசுவேனா?" என்று தலைவர் கேட்டார்.

"ரெக்கார்டிங்ல இருக்கு சார்."

இந்த ஹெட்போனில் இல்லாததெல்லாம் கேட்கிறது, இது தொழில்நுட்பக் கோளாறு என்று பொறியாளர் விளக்கினார். மலிவுச் சரக்கு அப்படித்தான் என்று, மலிவாகப் பார்த்து வாங்கச் சொன்ன கணக்கு அதிகாரி ஒத்துக்கொண்டார். தலைவர் இரண்டாவது ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டி, அதே ரெக்கார்டிங்கைப் போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார். வார்த்தை ஒன்றும் புரியாமல், ஆனால் கனமாக, கம்பீரமாக அவர் குரல் எங்கோ ஆழத்திலிருந்து முழங்கியது. முகம் மலர்ந்தது.

"இதுலதான் நான் பேசற மாதிரி இருக்கு," என்றார். பிறகு குறிப்பாளர் பக்கம் திரும்பினார். "போட்டுக்கிறது நீங்க. உங்க சௌகரியம்தான் முக்கியம். எது வேணும், சொல்லுங்க."

மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். நல்ல ஹெட்போன் எது என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வரப்போகும் பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயர் இருப்பதும் தெரியும்.

"காது ரொம்ப வலிக்குது சார். மெத்துன்னு இருக்கறதே போதும்," என்றார்.

காதை உத்தேசித்துத்தான் அப்படிச் சொன்னதாக இன்றுவரை தன்னிடமே சாதித்து வருகிறார்.

தலையணை ஹெட்போனே உறுதியானது. புண் ஆறியது. முன்போலவே எழுதிக் குழாய்களை மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் முன்பு தெரியாமல் எழுதியது தவறு. இனிமேல் தெரிந்து எழுதினால் மோசடி. அதனால் யாருக்கும் வம்பில்லாமல், "விரிவாக விவாதிக்கப்பட்டது. மக்களின் குரலுக்கு வாரியம் முழுமையாகச் செவிசாய்த்தது" என்று மட்டும் எழுதினார். தலைவர் முதல்முறையாகப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். பத்திரிகைக்கும் அனுப்பச் சொன்னார்.

செய்தி வந்த அன்று குறிப்பாளர் தெருமுனையில் தண்ணீர் லாரிக்காக நின்றிருந்தார். முன்னால் நின்ற தையல்காரர் பேப்பரைப் பிரித்து வரிசைக்கே கேட்கும்படி வாசித்தார். சலசலப்பு அடங்கியது. "பரவாயில்லையே, காது குடுத்துக் கேக்கறாங்களாமே," என்றார் ஒருவர். இரண்டு மணி நேரமாகக் கால் கடுக்க நின்றவர்களின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. தையல்காரர் திரும்பி, நீங்க அந்த ஆபீஸ்தானே, நிஜம்தானா என்று கேட்டார்.

"பேப்பர்லயே போட்டிருக்கே," என்றார் குறிப்பாளர். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் நம்பிக்கையாக இருந்தது.