லீவு அப்பா

மனிதர்களில் லீவு அப்பா என்று ஓர் இனம் உண்டு. வருஷத்தில் பதினோரு மாதம் இவரைக் கண்ணால் பார்ப்பதே கஷ்டம். குழந்தை எழுந்திருப்பதற்குள் வேலைக்குப் போய்விடுவார். குழந்தை தூங்கிய பிறகு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திருடன் மாதிரி வீட்டுக்குள் வருவார். மிச்சமிருக்கும் ஒரு மாதத்துக்கு, சேர்த்துவைத்த லீவையெல்லாம் மொத்தமாக எடுத்துக்கொண்டு, முதுகில் ஒரு பை, தலையில் ஒரு தொப்பி, தோளில் ஒரு தண்ணீர் பாட்டில், கையில் ஒரு போன் என்று புறப்பட்டுவிடுவார். பூங்கா, கடற்கரை, மிருகக்காட்சி சாலை, மீன் காட்சியகம், பறவைகள் வருகிற ஏரி, பழைய ரயில் எஞ்சின்களை நிறுத்திவைத்திருக்கிற கொட்டகை, எதுவும் அவரிடமிருந்து தப்பாது. குழந்தையும் தப்பாது.

உங்கள் தெருவில் இப்படி ஒருவர் இல்லையா? நன்றாக யோசியுங்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல், மற்றவர்கள் எல்லாம் போர்வைக்குள் இருக்கும்போது, "ஒரு ஷூ இருக்கு, இன்னொரு ஷூ எங்க?" என்று ஒரு குரல் கேட்குமே, அவர்தான்.

எனக்குத் தெரிந்த லீவு அப்பா என் தலைக்கு மேலேயே குடியிருக்கிறார். அவர் மாடி, நான் கீழ்வீடு. பஸ் கம்பெனியில் எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எத்தனை நிமிஷம் நிற்கலாம் என்று அட்டவணை போடுவது அவர் உத்தியோகம். ஊரிலுள்ள அத்தனை பஸ்ஸையும் நேரத்துக்குக் கிளப்புகிறவருக்கு, நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்றைக் கிளப்புவது ஒரு விஷயமா? அவரும் அப்படித்தான் நினைத்தார். கிளம்புகிற நேரத்தில் எந்த பஸ்ஸும் "உச்சா வருது" என்று சொல்லாது என்பதை அவர் யோசிக்கவில்லை.

லீவு அப்பாவைக் கண்டுபிடிக்க அவர் பேசும் வசனங்களே போதும். "குழந்தைக்காகத்தானே எல்லாம்" என்பது முதல் வசனம். குழந்தை அப்போது நடைபாதையில் உட்கார்ந்து எறும்பு பார்த்துக்கொண்டிருக்கும். எறும்பு அட்டவணையில் இல்லை. ஆகவே குழந்தை தூக்கப்படும். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்பது இரண்டாவது. இதை அவர் புறப்பட்ட இடத்திலிருந்தே சொல்லத் தொடங்கிவிடுவார். மூன்றாவதுதான் பயங்கரமானது. எல்லோரும் கால் ஓய்ந்து, பை கனத்து, பாட்டிலில் தண்ணீர் தீர்ந்து, வீட்டை நினைத்து ஏங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர் ஒரு பலகையைப் படித்துவிட்டுத் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்வார்:

"வந்ததே வந்தோம், அதையும் பாத்துட்டுப் போயிடலாம்."

அவர் மனைவி பல் டாக்டர் கிளினிக்கில் வேலை பார்க்கிறார். பயந்துபோய் வருகிறவர்களிடம் "ஒண்ணும் இல்ல, கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும்" என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர். தானும் லீவு போட்டுவிட்டு, அந்த மாதம் முழுக்க அதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தனை ஆவேசம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். லீவு தொடங்கிய புதிதில் ஒரு நாள், மாடிப்படியில் உட்கார்ந்து குழந்தையின் ஷூவிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். "எதுக்குப்பா இப்படி ஓடறே? அது சின்னக் குழந்தை, ரெண்டு இடம் போனா போதாதா?" என்றேன்.

அவர் ஷூவைக் கீழே வைத்தார். "ஸ்கூல்ல அவங்கவங்க வீட்டைப் படம் வரையச் சொல்லியிருக்காங்கக்கா. இவ அம்மாவை வரைஞ்சிருக்கா, தன்னை வரைஞ்சிருக்கா, மீன்தொட்டியை வரைஞ்சிருக்கா. உங்களைக்கூட வரைஞ்சிருக்கா. நான் மட்டும் இல்ல. ஏம்மான்னு கேட்டா, 'அப்பா ஆபீஸ்ல இருக்காரு'ங்கறா."

நான் இன்னொரு ஷூவைத் தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன்.

"இந்த மாசத்தை அவ மறக்கவே கூடாது. அப்பாகூட யானை பாத்தேன், கப்பல் பாத்தேன்னு நாலு பேர்கிட்டச் சொல்லணும். எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் மணலைத் தட்டத் தொடங்கினார்.

இப்படிச் சொல்கிற மனிதரை யாரால் கோபித்துக்கொள்ள முடியும்? அடுத்த வாரம் மிருகக்காட்சி சாலைக்கு என்னையும் கூப்பிட்டபோது, முழங்கால் வலியைப் பார்க்காமல் நானும் கிளம்பிவிட்டேன்.

அங்கேதான் லீவு அப்பா வேலை செய்யும் முறையைக் கிட்டத்திலிருந்து பார்த்தேன். யானை நிற்கிற இடத்துக்கு வந்தோம். குழந்தை நிமிர்ந்து பார்ப்பதற்குள் உத்தரவுகள் பறந்தன. "ஓடு, ஓடு, அந்தக் கம்பிகிட்டப் போய் நில்லு. நின்னாச்சா? திரும்பு. என்னைப் பாரு. அங்க இல்லம்மா, அப்பாவைப் பாரு. சிரி. பல்லு தெரியணும். கண்ணை மூடாத!" குழந்தை திரும்பி நின்று அப்பாவைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. யானை பெரிய ஆள் அல்லவா, படத்துக்குள் அடங்கவில்லை. அதனால் லீவு அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாகவே நடந்து போனார். ஒரு தள்ளுவண்டியை இடித்து "சாரி" சொன்னார், ஒரு பெரியவரின் காலை மிதித்து "சாரி" சொன்னார், குப்பைத் தொட்டியை இடித்து அதற்கும் "சாரி" சொன்னார். யானை நகர்ந்தது. மறுபடி முதலிலிருந்து. கடைசியில் படம் நன்றாக விழுந்ததும், "சூப்பர்! வா, வா, அடுத்து ஒட்டகச்சிவிங்கி, லேட்டாயிடுச்சு" என்று குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்.

ஒட்டகச்சிவிங்கியிடமும் இதே கதை. புலியிடமும் இதே கதை. புலி தூங்கிக்கொண்டிருந்தது, அதையாவது நிம்மதியாக இருக்க விட்டார்களே என்று எனக்குச் சந்தோஷம். மத்தியானத்துக்குள் குழந்தைக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு கூண்டாகத் தானே ஓடும், தானே திரும்பும், யாரும் சொல்லாமலே பல்லைக் காட்டும்.

"எப்படிப் பழகிட்டா பாத்தீங்களாக்கா!" என்று அவருக்கு ஒரே பெருமை.

எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. என் கவனமெல்லாம் உட்கார ஒரு பெஞ்சு கிடைக்குமா என்பதில் இருந்தது.

அதற்குப் பிறகு மாதம் கிடுகிடுவென்று ஓடியது. காலையில் மாடியில் தடதடவென்று சத்தம் கேட்கும், கதவு சாத்தும், குழந்தை மறந்த தொப்பிக்காகக் கதவு மறுபடி திறக்கும். சாயங்காலம் மூன்று பேரும் அடித்துப் போட்ட மாதிரி திரும்பி வருவார்கள். ஒரு நாள் லீவு அப்பா மட்டும் இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டால் "வழியில நல்ல மழைக்கா" என்றார். கொடியில் என் துணிகள் மொறுமொறுவென்று காய்ந்து தொங்கின. அவர் மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு வேகமாகப் படியேறிவிட்டார். நான் மேலே கேட்கவில்லை.

லீவு முடிய ஒரே ஒரு நாள் பாக்கி. அன்று சாயங்காலம் டீ குடிக்க என்னை மாடிக்குக் கூப்பிட்டார்கள். லீவு அப்பா தலை வாரி, சட்டை மாற்றி, பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மாதமெல்லாம் ஓடியது இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே! சாட்சிக்கு நான் வேறு இருக்கிறேன்.

"பாப்பா, பெரியம்மாகிட்டச் சொல்லு. இந்த மாசம் அப்பாகூட என்னென்ன பாத்தே?"

குழந்தை யோசித்தது. பிஸ்கட்டைக் கடித்தது. மறுபடி யோசித்தது.

"எது ரொம்பப் பிடிச்சுது? யானையா? கப்பலா?" என்று எடுத்துக் கொடுத்தார்.

"யானை எங்கப்பா இருந்துச்சு?"

அவர் சிரிக்கப் பார்த்தார். "என்னம்மா இது, பெரியம்மாகூட வந்தாங்களே! இரு, காட்டறேன்." போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். பளிச்சென்ற படம். முன்னால் குழந்தை, பல் தெரிகிறது. பின்னால் மலை மாதிரி யானை.

குழந்தையின் கண் விரிந்தது. "ஐ! என் பின்னாடி யானை!"

போனைப் பிடுங்கிக்கொண்டது. விரலால் தள்ளியது. "ஐ! இங்க பாரு, என் பின்னாடி கப்பல்! அம்மா, அம்மா, என் பின்னாடி எவ்ளோ பெரிய மீன்! இது என்ன, ரயிலா?" தள்ளத் தள்ளக் குதித்தது. ஒரு மாதம் முழுவதையும் அந்தக் குழந்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தது. பார்த்து முடித்துவிட்டு, நிஜமான வருத்தத்தோடு கேட்டது:

"அப்பா, இதெல்லாம் ஏன் எனக்குக் காட்டவே இல்ல?"

அவர் மனைவி டீ கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். லீவு அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை; பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

"அப்போ நீ என்னதான் பாத்தேம்மா?" அவர் குரல் இறங்கிவிட்டது.

"உன்னைத்தான். நீதான 'அப்பாவைப் பாரு, அப்பாவைப் பாரு'ன்னே?" என்று சொல்லிவிட்டு, குழந்தை எழுந்து நின்று நடித்துக் காட்டியது. ஒரு கண்ணை மூடியது, நாக்கைக் கடித்தது, பின்னாலேயே நடந்து "சாரி, சாரி" என்றது. ஒரு சின்ன அசைவைக்கூட விடவில்லை. "பெரியம்மா, பெரியம்மா, வாத்து இருக்கற குளத்துல அப்பா பின்னாடியே போய் தொபுக்குன்னு விழுந்துட்டாரு! அதுதான் எனக்கு ரொம்ப ரொம்பப் பிடிச்சுது!"

ஆக, மழை பெய்த இடம் அதுதான்.

அவர் மனைவிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "நீங்க ஆசைப்பட்டதுதானே? உங்களை அவ மறக்கவே மாட்டா, கவலைப்படாதீங்க" என்றார். லீவு அப்பாவும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. குழந்தை போனில் யானையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் இருக்கு. யானையை மட்டும் பாக்கப் போறோம். அக்கா, நீங்களும் வரணும்" என்றார்.

மறுநாள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். படி இறங்கும்போதே காலிச் சட்டைப் பையை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார், பாவம். முதுகில் பையும் இல்லை, தலையில் தொப்பியும் இல்லை. வழியில் குழந்தை எறும்பு பார்க்க உட்கார்ந்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

யானை அதே இடத்தில் நின்றிருந்தது. குழந்தை பழக்கம் மாறாமல் கம்பியிடம் ஓடியது, திரும்பியது, பல்லைக் காட்டியது. எதிரே வெறுங்கையோடு அப்பா.

"படம் எடுக்கலையா?"

"இல்லம்மா. திரும்பிப் பாரு."

"எங்க?"

"பின்னாடி."

குழந்தை திரும்பியது. யானை அப்போது தும்பிக்கையால் மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டிருந்தது. குழந்தை இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டது. வாய் தானாகத் திறந்தது. பேசவில்லை, சிரிக்கவில்லை, இமைக்கக்கூட இல்லை. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

லீவு அப்பா? ஒரு நிமிஷம் நல்லபடியாகத்தான் இருந்தார். அப்புறம் என் காதருகே குனிந்தார். "அக்கா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன். அவ மூஞ்சியைப் பாருங்க. இதைப்போய் எடுக்காம விடறதா? ஒண்ணே ஒண்ணு."

நானும் ஒரு முட்டாள், கொடுத்தேன். முகம் விழ வேண்டுமென்றால் முன்னால் போகத்தானே வேண்டும்? கம்பிக்கும் குழந்தைக்கும் நடுவே நுழைந்து, யானைக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடி, நாக்கு நுனியைக் கடித்தார்.

"அப்பா, தள்ளு! யானை தெரியல!"

ஒரு நாளும் அந்தக் குழந்தை அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. அவர் தள்ளினார். போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மகளின் பக்கத்தில் அதே மாதிரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்க பாரு அப்பா, காதை ஆட்டுது!"

அவர் பார்த்தார். இத்தனை நாளும் அவர் மட்டும் என்ன, உள்ளங்கை அகலப் போன் கண்ணாடியில்தானே பார்த்திருந்தார்? "அடேயப்பா, எவ்ளோ பெருசு!" என்றார், நாலு வயசுக் குரலில். அன்றைக்கு அவர்கள் வேறு எதையும் பார்க்கவில்லை. எனக்கும் நல்ல பெஞ்சு கிடைத்தது.

நன்றாகச் சிரித்தீர்களா? நல்லது. இப்போது உங்கள் போனை எடுங்கள். குழந்தையோடு கடைசியாகப் போன இடத்தில் எடுத்த படங்களைத் தள்ளிப் பாருங்கள். எல்லாவற்றிலும் குழந்தையின் முகம் பளிச்சென்று விழுந்திருக்கிறதா? பல் தெரிகிறதா? அருமையான படங்கள். குழந்தையைக் கூப்பிட்டு ஒரு தடவை காட்டுங்கள். அன்றைக்கு எங்கே போயிருந்தோம் என்று அதுவும் தெரிந்துகொள்ளட்டும்.