சீட் பெல்ட் போட்ட மீன்

கரண்டியால் தட்டிப் பார்த்தார். 'டக்' என்றது. சமையல் மேடையில் கிடப்பது மீன்தான் என்று அதன் வால் மட்டும் சொன்னது. மற்றபடி அதை வைத்து மதில் கட்டலாம்.

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் கரண்டியை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து. ஒரு மணிக்கு மாமனார் வருகிறார். அதுவும் தனியாக இல்லை. ஏரியில் அவரோடு தூண்டில் போடும் நண்பர்கள் இரண்டு பேரும் வருகிறார்கள். போன மாதம் மாமனார் பிடித்த இந்த நாலரைக் கிலோ மீனை அவர்கள் இன்றுவரை நம்பவில்லை. முழு மீனாகக் கண்ணால் பார்த்து, சாப்பிட்டும் பார்த்தால்தான் நம்புவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்காகவே மீன் ஒரு மாதமாக மகள் வீட்டு ஃப்ரீசரில் படுத்திருந்தது.

நேற்றே எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைக்கும்படி மனைவி சொல்லியிருந்தாள். மாஸ்டர் "சரி" என்றார். பதினொரு வருட இல்வாழ்க்கையில் அவர் அதிகம் சொன்ன வார்த்தை அது. காதில் விழாத விஷயங்களுக்கும் அதையேதான் சொல்வார்.

இந்தப் பதினொரு வருடத்தில் மாமனார் அவரை நம்பி ஒரு குடையைக்கூட ஒப்படைத்ததில்லை. முதன்முதலாக ஒப்படைத்தது இந்த மீனைத்தான். இதையும் கோட்டை விட்டால் மிச்ச ஆயுளுக்கும் தலை நிமிர முடியாது.

ஆஸ்பத்திரி டியூட்டியிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"மீனை நேத்தே கீழ வெச்சீங்கல்ல?"

"வெச்சாச்சு."

"இளகிடுச்சா?"

"இளகிக்கிட்டே இருக்கு."

போனை வைத்ததும் பெரிய அண்டாவில் வெந்நீர் போட்டார். மீன் அண்டாவைவிட நீளம். தலை உள்ளே, வால் வெளியே. மறுபடி போன். இந்த முறை மாமனார்.

"மாப்பிள்ளை, மீன் எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு மாமா."

"கீழ்த்தட்டுல மெதுவா இளகினாத்தான் சாறு உள்ளயே நிக்கும். அவசரப்பட்டா ருசியெல்லாம் தண்ணியாப் போயிடும். சில பேரு வெந்நீர்ல போடுவாங்க. அறிவு கெட்டவங்க."

"அப்படியும் ஆளுங்க இருக்காங்களா மாமா?" என்றபடி மாஸ்டர் வாலைப் பிடித்து மீனை வெளியே இழுத்தார்.

தலைப்பக்கம் பாதி வெந்து, கண் வெளுத்துப் போயிருந்தது. வயிற்றில் தட்டினால் பழையபடி 'டக்'.

போனில் தேடிப் படித்தார். காற்றுப் புகாத பையில் போட்டுப் பச்சைத் தண்ணீரில் வைக்க வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும் என்று இருந்தது. இத்தனை பெரிய பைக்கு எங்கே போவது? கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு மாட்டியிருந்த, ஜிப் வைத்த உறை கண்ணில் பட்டது. கோட்டை உருவி எறிந்துவிட்டு மீனை உள்ளே போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அந்த உறைக்கு ஒரு வேலை வந்தது அன்றுதான்.

அரை மணி கழித்துப் பார்த்தால் ஜிப் வழியாகத் தண்ணீர் புகுந்து உறை ஊதிக் கிடந்தது. உள்ளே தண்ணீர் கலங்கலாக இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். ருசி அங்கேதான் இருந்தது.

அடுத்தது மனைவியின் ஹேர் டிரையர். பத்து நிமிஷத்தில் மீனின் ஒரு பக்கத் தோல் சுருண்டது. பதினோராவது நிமிஷம் டிரையர் கருகி உயிரை விட்டது. அதற்கான பொய்யைப் பிறகு யோசிக்கலாம் என்று அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்.

அப்போதுதான் வாசலில் நின்ற டிரைவிங் ஸ்கூல் கார் ஞாபகத்துக்கு வந்தது. அதில் ஹீட்டர் இருக்கிறது.

மீனைத் துண்டில் சுற்றி, தான் வழக்கமாக உட்காரும் பக்கத்து சீட்டில் சாய்த்து வைத்து, சீட் பெல்ட்டையும் மாட்டினார். கோலம் போடுவது போல வளைந்து வளைந்து தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா நிமிர்ந்தார்.

"புது ஸ்டூடண்டா சார்?"

"ஆமாங்க. முதல் நாள். சும்மா உக்காந்து பாக்கறாங்க."

"என்ன, இப்படி வெறைச்சுப் போயிருக்காங்க?"

"எல்லாருக்கும் முதல்ல அப்படித்தாங்க இருக்கும்."

ஹீட்டரை முழுசாகத் திருகிக்கொண்டு கிளம்பினார். ஜன்னலைத் திறந்தால் சூடு போய்விடும், மூடினால் மூக்கு போய்விடும். மூக்கைத் தியாகம் செய்தார். இரண்டு சுற்று முடிந்து ஏரிக்கரை ரோட்டில் திரும்பும்போது ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. மாஸ்டர் பிரேக் போட்டார். பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிய மீன், கற்றுக்கொடுப்பவருக்கென்று அந்தப் பக்கம் இருந்த இன்னொரு பிரேக்கைத் தலையால் அழுத்தியது. பதினெட்டு வருட சர்வீஸில் இத்தனை சமயோசிதமான மாணவர் அவருக்கு வாய்த்ததில்லை.

குனிந்து தூக்கினார். உடல் வந்தது. தலை பிரேக்கிலேயே தங்கிவிட்டது.

அப்படியே ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். மணி பன்னிரண்டேகால். எதிரே ஒரு மீன் கடை. வேறு வழியில்லை. இதே மாதிரி ஒன்றை வாங்கி, இதுதான் அது என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

இறங்கி நடந்தாரே தவிர, மனசு உறுத்தியது. மனிதர் விடியலில் எழுந்து, பனியில் உட்கார்ந்து, அறுபத்தெட்டு வயதில் மூச்சு வாங்க இழுத்துப் போட்ட மீன். பதினொரு வருடத்தில் அவர் நம்பிக் கொடுத்த ஒரே பொருள். அதற்குப் பதிலாகக் கடை மீனை வைத்து, நண்பர்கள் முன்னால் அவரையே ஏமாற்றுவதா? மாஸ்டருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"அண்ணே, எனக்கு மீன் பேரெல்லாம் தெரியாது. இதே மாதிரி, இதே சைஸ்ல, முழுசா வேணும்" என்று போனை நீட்டினார். மாமனார் இரண்டு கையாலும் மீனை ஏந்திக்கொண்டு சிரிக்கும் படம்.

கடைக்காரர் படத்தை உற்றுப் பார்த்தார். மறு பேச்சில்லாமல் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு மீனை எடுத்து, ஐஸை உதறிப் பலகையில் கிடத்தினார். அச்சு அசல் அதேதான். மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பையில போட்டுக் குடுங்கண்ணே, அவசரம்."

"ஒரு நிமிஷம் சார்" என்று கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு தூண்டில் முள்ளை எடுத்து மீனின் வாயைத் திறந்தார். "முள்ளு குத்தின ஓட்டை உங்களுக்கு எந்தப் பக்கம் வேணும்? படத்துல இருக்கற பெரியவர் மாசாமாசம் இடது பக்கம்தான் போடச் சொல்லி வாங்கிட்டுப் போவாரு."