மலையை வலம் வந்த மேல்தாடைப் படை

ஐம்பத்திரண்டு வயதில் பொம்மைச் சிப்பாய் விளையாட்டில் கள்ளாட்டம் ஆடிப் பிடிபட்டவன் நான். பிடித்தவர் பல்செட்டு அண்ணன். யுத்தத்தை அவரளவுக்கு ஆசாரமாக நடத்தியவர் உலக சரித்திரத்திலேயே கிடையாது.

பல் டாக்டர்களுக்குப் பல்செட்டு செய்து கொடுப்பது அவர் தொழில். ஈறு வார்த்தது போக மிஞ்சும் ரோஸ் மாவில் விரல் நுனி உயரத்துக்குச் சிப்பாய்கள் செய்வார். கோட்டை முற்றுகைக்கு ஒரு டப்பா, கடற்போருக்கு ஒரு டப்பா. ஆனால் உயிர் மலைப்போர்தான். சாப்பாட்டு மேஜை நடுவே பிளாஸ்டர் மலை. அவருடையது மேல்தாடைப் படை, என்னுடையது கீழ்தாடைப் படை; பல்லுக்கு ஒருவராகப் பதினாறு பதினாறு பேர். ஒரு முறைக்கு ஒரு சாண் நகரலாம். எதிரியைத் தொட்டால் பகடை உருட்டி வெட்டிக்கொள்ளலாம்.

சிக்கல், அண்ணன் திருவண்ணாமலைக்காரர்.

"அண்ணே, நான் இப்படி எதிர்ப்பக்கமா வந்தா மூணே முறையில மோதிடலாமே!"

"மலையை இடமா சுத்தி ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஜெயிப்பா சார்?"

ஆகவே இரு படைகளும் மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, ஒரே திசையில், ஒரே வேகத்தில், இரண்டு வருஷம் ஞாயிறுதோறும் நடந்தன. ஒரு சிப்பாய்க்கும் கீறலில்லை.

தீபத்துக்கு முந்தின நாள் அண்ணி முறத்தோடு வந்து நின்றார்.

"நாளைக்கு சம்பந்தி வீட்டுக்காரங்க வராங்க. ஆறு மணிக்குள்ள சண்டை முடியலைன்னா எல்லாத்தையும் வாரிக் குப்பையில கொட்டிடுவேன்."

அண்ணன் முகம் வெளுத்தது. "பாதியில கலைக்க மாட்டேன். முடிச்சே ஆவணும் சார்."

ஐந்தரைக்கு யாரோ பல்செட்டு வாங்க வந்தார். அண்ணன் வாசலுக்குப் போன நேரத்தில் என் சேனாதிபதியை நைசாக இடப்பக்கமாகக் கொண்டுபோய் அவர் ராஜாவுக்கு எதிரே நிறுத்தினேன்.

திரும்பி வந்தவர் திட்டவில்லை. சேனாதிபதியை எடுத்து, வலமாகவே சுற்றிக் கொண்டுவந்து, பழைய இடத்தில் வைத்தார். "வயசாவுது சார் உங்களுக்கு."

பத்து நிமிஷம் பாக்கி. அவர் முறை வந்தது, நகரவில்லை. அடுத்த முறையும் நகரவில்லை.

"என் ராஜா கொஞ்சம் உக்காந்துக்கறாரு. கால் வலி. நீங்க வாங்க."

ராஜா உட்கார்ந்தால் படையும் உட்கார வேண்டும், உட்கார்ந்தவர் திருப்பி அடிக்கக் கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான். என் படை பின்னாலிருந்து வந்து தொட்டது. பதினாறு பேரும் விழுந்தார்கள். அண்ணன் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். பிறகு ஒவ்வொரு சிப்பாயாகத் துடைத்து டப்பாவில் அடுக்கினார். தோற்றவர் அவர், தலை குனிந்து டப்பாவுக்கு மூடி தேடியது நான்.

அண்ணி மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இவ்ளோதானா? யாராவது ஒருத்தர் நின்னிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இதுக்கா ரெண்டு வருஷமா எங்களைத் தரையில உக்கார வெச்சு சோறு போட்டீங்க?"