பேராசிரியர் கோட்டின் இடது பை

இனி எழுதப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எந்தக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் வந்து, எந்தக் கூண்டில் ஏற்றினாலும் ஏறி, இதை இதே வரிசையில் சொல்லத் தயார். குறுக்கு விசாரணை மட்டும் வேண்டாம். காது முன்னைப் போலக் கேட்பதில்லை.

பேராசிரியர் கடைக்குள் நுழைந்தபோது தையல்காரரின் வாய் நிறையக் குண்டூசி. அதனால் "வாங்க" என்று சொல்ல முடியாமல் புருவத்தை உயர்த்தி வரவேற்றார். பேராசிரியர் போன வாரம்தான் வாங்கிப்போன புதுக் கோட்டை வெட்டுமேஜையின்மேல் போட்டார்.

"மாஸ்டர், இடது பையில சாக்பீஸ் போட்டா விசில் வருது."

தையல்காரர் ஊசிகளை வாயிலிருந்து எடுத்துப் பஞ்சுப் பொதியில் நிதானமாகக் குத்தி முடித்தார். "சத்தமா சார்?"

"சத்தம் வந்தா காது டாக்டர்கிட்டப் போயிருப்பேன். விசிலே வருது."

கறுப்புக் கயிறு கட்டிய ஒரு விசில் மேஜையின்மேல் உருண்டது. அதைப் பார்த்ததும் தையல்காரருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தினமும் விடிவதற்குள் அவரை எழுப்பிவிடுவது அந்த விசில்தான்.

அது அவருடைய மனைவியின் தம்பியுடையது. தம்பி கால்பந்து நடுவர். பெற்றவர்கள் வைத்த பெயர் பெற்றவர்களுக்கே மறந்துபோய், எல்லாரும் அவரை விசில் என்றுதான் கூப்பிட்டார்கள். மைதானத்தில் ஊதுவதோடு நிறுத்தினால் யாருக்கும் ஆட்சேபம் இருந்திருக்காது. வீட்டில் யாராவது குளியலறையில் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாலும் கதவுக்கு வெளியே நின்று ஊதுவார். அக்காவுக்கும் அத்தானுக்கும் வாக்குவாதம் முற்றினால் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டு, அத்தானுக்கு மஞ்சள் அட்டை காட்டுவார்.

வீட்டில் இருந்ததோ ஒரே படுக்கையறை. "ஓடிக் களைச்சு வர்ற பிள்ளை, கட்டில்ல படுக்கட்டுமே" என்று அக்கா ஒரு நாள் சொன்னாள். பிள்ளைக்கு அப்போதே காதோரம் நரைத்திருந்தது. அன்று போட்ட படுக்கைதான், பிள்ளை எழவில்லை. அக்கா கூடத்துக்கு வந்தாள். தையல்காரர் வீட்டின் முன்புறக் கடைக்கு வந்து, வெட்டுமேஜையின்மேல், துண்டுத் துணி மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தார். புரண்டால் கத்தரிக்கோல் குத்தும். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஆசை ஒன்றே ஒன்று. தன் கட்டிலில் ஒரு நாளாவது குறுக்காகப் படுக்க வேண்டும்.

அதற்கு இப்போதுதான் வழி பிறந்திருந்தது. ரயில் நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருள்களைப் பாதுகாக்கும் அறைக்குப் பொறுப்பாக இருந்த ஒரு பெண், விசிலைச் சனிக்கிழமை சந்திக்கச் சம்மதித்திருந்தாள். அதற்காகத்தான் விசிலுக்கும் ஒரு கோட்டு. பேராசிரியரின் கோட்டுத் துணியைப் பார்த்து ஆசைப்பட்டு, அதே சுருளிலிருந்து தம்பிக்கும் வெட்டி வாங்கி வந்தவள் அக்காதான்.

தப்பு நடந்தது இங்கேதான். அளவெடுக்கும்போது சும்மா நிற்க மாட்டாமல் பேராசிரியர் பாடம் நடத்தினார். வெளியும் காலமும் சேர்ந்து ஒரு பெரிய துணி மாதிரியாம். அதன் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஒளிக்கே கோடிக்கணக்கான ஆண்டுகள் பிடிக்குமாம். ஆனால் துணியை மடித்து ஊசியால் ஒரு குத்து குத்தினால், குத்திய இடத்தில் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிடலாமாம். அதற்குப் புழுத்துளை என்று பெயராம்.

தையல்காரர் கக்கத்துச் சுற்றளவைக் குறித்துக்கொண்டு, அப்படியானால் கோட்டை அலமாரியில் வைக்கும்போது ரெண்டு அந்துருண்டை போட்டு வைக்கச் சொன்னார்.

இரண்டு கோட்டுக்கும் துணி ஒன்று. ஆகவே மடித்துப் போட்டு இரண்டையும் ஒன்றாகவே வெட்டினார். நேரம் மிச்சம். அன்று மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததில் மெஷின் ஒரு துள்ளுத் துள்ளி, இரண்டு கோட்டின் இடது பைகளையும் சேர்த்து ஒரே ஓட்டாக ஓட்டிவிட்டது. தையல்காரர் நூலை அறுத்துப் பிரித்துவிட்டார். துணியில் ஒரு தடயமும் இல்லை. துணிக்கு அப்பால் என்ன ஆயிற்று என்று பார்க்க அவரிடம் கருவி இல்லை.

"சுருக்கம் விழுந்திருக்கு சார். தேய்ச்சாச் சரியாயிடும்" என்று சொல்லி, விசிலை மெல்லத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியை நன்றாகச் சூடேற்றிப் பையை அழுத்தித் தேய்த்தார்.

தேய்த்ததில் துளை அகன்றுவிட்டது.

அன்று மாலை, மாப்பிள்ளைக் களை ஏறட்டும் என்று கோட்டைப் போட்டுக்கொண்டே நடமாடிய விசில், இடது பைக்குள் கையை விட்டார். உள்ளே யாரோ கை கொடுத்தார்கள். மரியாதைக்கு இவரும் குலுக்கினார். வெளியே எடுத்துப் பார்த்தால் உள்ளங்கையெல்லாம் சாக்பீஸ் தூள். அக்கா அதைத் துடைத்துவிட்டு, கல்யாணம் என்றதும் பிள்ளைக்குக் கை வெளுத்துவிட்டது என்று வருத்தப்பட்டாள்.

மறுநாள் பேராசிரியர் வந்தார். பைக்குள் கையை வைத்தால் யாரோ குலுக்குகிறார்கள், குளிர் நாளில் அது இதமாகத்தான் இருக்கிறது, ஆனால் மோதிரம் உறுத்துகிறது என்றார்.

தையல்காரருக்கு மெல்லப் பொறி தட்டியது. "சார், இது நீங்க சொன்ன அந்தப் புழுத்துளையா இருக்குமோ?"

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். அப்படி ஒரு துளை உண்டானாலும் ஒரு கடுகு நுழைவதற்குள் நசுங்கி மூடிக்கொள்ளும் என்பதை நிரூபிக்கத்தான் அவர் ஆயுளையே செலவழித்திருந்தார். சனிக்கிழமை பெரிய மாநாட்டில் அதைத்தான் பேசப்போகிறார்.

"நடக்காதுன்னு நிரூபிச்சாச்சு மாஸ்டர். நிரூபிச்ச பிறகு எப்படி நடக்கும்? இது தையல் கோளாறு."

தையல் கோளாறு என்ற பிறகு தையல்காரர் சும்மா இருக்க முடியுமா? பையின் அடியைச் சுருக்கிப்பிடித்து, கையாலேயே கெட்டித் தையல் போட்டார். இரண்டு எட்டு முன்னால், ஒரு எட்டுப் பின்னால். அசைக்க முடியாத தையல். பின்னால் போட்ட எட்டுகள் துணியில் மட்டும் பின்னால் போகவில்லை. விசில் தின்றது போக மீதியை மடித்து வைத்த பிஸ்கட், அவர் அதை வாங்குவதற்கு முந்தின நாளே பேராசிரியரின் பையிலிருந்து வெளிவந்தது. சுற்றியிருந்த செய்தித்தாளில் மறுநாள் தேதி.

பேராசிரியர் அசரவில்லை. தேதியை அச்சுப் பிழை என்று தள்ளினார். பிஸ்கட்டைத் தின்றார். வானிலைச் செய்தியை மட்டும் படித்துவிட்டு, மறுநாள் குடையோடு வந்தார். மழையும் கொட்டியது.

"இந்தப் பத்திரிகை வானிலை மட்டும் கரெக்டாப் போடறான் மாஸ்டர்."

தையல்காரர் நாள்களை எண்ணிப் பார்த்தார். இன்னும் இரண்டு நாளில் விசில் அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்து பையிலிருந்து கைக்குட்டையை எடுப்பார். கைக்குட்டைக்குப் பதில் என்ன வரும், எந்தக் கிழமையிலிருந்து வரும்? பதறிப்போய் நூலின் ஒரு முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துப் பிரித்தார். காலம் நேரானது. ஆனால் இழுத்த வேகத்தில் துளை முழங்கை நுழைகிற அளவுக்கு ஆகிவிட்டது. பேராசிரியர் தன் பையில் மாட்டிய குடை, இங்கே விசிலின் இடுப்பில் முளைத்தது.

வேறு வழியில்லாமல் இரண்டு கோட்டையும் பறிமுதல் செய்யப் பார்த்தார். மாநாட்டுக்கு வேறு கோட்டு இல்லை என்று பேராசிரியர் கைவிரித்தார். வீட்டிலோ பெரிய ரகளை.

"என் தம்பி நாலு பேரைப் போலக் கோட்டுப் போட்டுட்டுப் போறது உங்களுக்குப் பொறுக்கலையா? அவன் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணான்?"

கட்டிலைப் பற்றிச் சொல்லலாமா என்று அவர் யோசிப்பதற்குள் மஞ்சள் அட்டை உயர்ந்துவிட்டது.

சனிக்கிழமை காலை, ரயில் நிலையத்துக் காப்பிக் கடை. மூலை மேஜையில் விசிலும் அந்தப் பெண்ணும். அடுத்த மேஜையில் தையல்காரர், ஒரு கையில் காப்பி, மறு கையில் நூல் கோத்த ஊசி. அவசரம் என்றால் எதையாவது தைத்துவிடலாம் என்று எண்ணம்.

அந்தப் பெண் சுற்றி வளைத்துப் பேசுகிறவளாகத் தெரியவில்லை. சம்பளம், படிப்பு எதையும் கேட்கவில்லை. இத்தனை வருஷமாக ஊரார் தொலைத்த பைகளைத் திறந்து திறந்து, பைக்குள் இருப்பதைப் பார்த்தே ஆளை எடை போடப் பழகிவிட்டதாகச் சொன்னாள். "தப்பா நினைக்காதீங்க. உங்க பையில இருக்கறதைக் கொஞ்சம் மேஜைமேல வைக்கறீங்களா?"

தையல்காரர் ஊசியை உயர்த்திப் பிடித்தார். விசில் வலது பையைக் காலி செய்தார், ஒரு சீப்பு. பிறகு இடது பை. ஒரு சாக்பீஸ் வந்தது. ஒரு மூக்குக் கண்ணாடி வந்தது. பக்கம் முழுக்கக் கணக்குப் போட்ட தாள் ஒன்று வந்தது. கடைசியாக, வளைந்த பிடியோடு நீளமான கறுப்புக் குடை வந்தது. அது வெளியே வந்து முடியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

அவள் தாளை எடுத்துப் பார்த்தாள். அவள் கண்ணில் மரியாதை ஏறுவது அடுத்த மேஜைக்கே தெரிந்தது. தையல்காரர் மச்சினனைப் பார்த்து, ஆமாம் என்று சொல், ஆமாம் என்று சொல் என்று தலையைத் தலையை ஆட்டினார்.

"இதெல்லாம் உங்களோடதா?"

விசில் குடையை மேஜை ஓரத்தில் சாய்த்து வைத்தார். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டார். "ஒண்ணுகூட என்னோடது இல்லீங்க. எப்படி வந்துச்சுன்னும் தெரியல. நான் வச்சது ஒரு விசிலும் ரெண்டு அட்டையும். சும்மா என்னோடதுன்னு சொல்லிடலாம். ஆனா நான் நடுவர்ங்க. பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்ற பழக்கம் இல்ல."

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள் வெட்டுமேஜை தெரிந்தது, சாகும்வரைக்கும்.

அதே நேரத்தில் மாநாட்டு மேடையில், இவ்வளவு அழகான நிரூபணத்தில் ஒரு ஓட்டை இருக்கிறதென்று பேராசிரியரின் பழைய எதிரி ஒருவர் எழுந்து நின்று ஆரம்பித்திருந்தார். அவர் ஆரம்பித்தால் முடிக்கிற ஆள் இல்லை. பேராசிரியர் கண்ணாடிக்காகப் பையில் கையை விட்டு, கையில் அகப்பட்டதை எடுத்து நீட்டினார். சிவப்பு அட்டை. எதிரி அதை ஒரு கணம் பார்த்தார். தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டபடி அரங்கை விட்டு வெளியேறினார். அவர் சின்ன வயதில் கால்பந்து ஆடினவராம். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

காப்பிக் கடையில் அந்தப் பெண் தாளைக் கீழே வைத்தாள்.

"என் ரூமுக்கு வர்றவங்க எல்லாருமே, எதைக் காட்டினாலும் 'என்னோடதுதான்'னு சொல்றவங்க. பொம்பளை செருப்பைக் காட்டி, 'ஆமா, என்னோடதுதான்'னு ஒருத்தர் கையெழுத்தே போட்டுட்டுப் போனாரு. 'என்னோடது இல்ல'ன்னு சொன்ன முதல் ஆளு நீங்கதான்." பிறகு, கேட்காமலே அவருடைய இடது பைக்குள் கையை விட்டாள். கொஞ்சம் துழாவினாள். ஒரு புதுச் சாக்பீஸோடு கையை எடுத்தாள். "உள்ள யாரோ இருக்காங்க. நல்ல மனுஷன்தான்; கேக்காமலே குடுக்கறாரு."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"ரயில்ல ஏணியை மறந்துட்டு இறங்கினவங்களைப் பார்த்திருக்கேன். இதுக்கா பயப்படுவேன்? உங்களுக்கு ஆட்சேபம் இல்லைன்னா சொல்லுங்க. வர்ற மாசமே வச்சுக்கலாம்."

தையல்காரர் ஊசியைக் காப்பிக்குள் போட்டுவிட்டார்.

கல்யாணம் முடிந்து விசில் ரயில்வே குடியிருப்புக்குப் போய்விட்டார். இப்போதெல்லாம் அவர் ஊதுவதில்லை என்றும், அந்த வீட்டில் யார் ஊதுவது என்பது முதல் வாரத்திலேயே முடிவாகிவிட்டது என்றும் அக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். புழுத்துளை இருக்கவே முடியாது என்று நிரூபித்ததற்காகப் பேராசிரியருக்குப் பொன்னாடையும் பெரிய கேடயமும் கொடுத்தார்கள். தையல்காரர் கட்டிலில் குறுக்காகப் படுத்தார். பிறகு நெடுக்காகப் படுத்தார். மனைவி வந்து நகரச் சொன்னபோது சந்தோஷமாக நகர்ந்தார்.

இரண்டு கோட்டையும் வெளுக்கப் போட்டிருந்த சலவைக் கடைக்காரர் ஒரு நாள் மூட்டையோடு வந்து, இரண்டையும் மேஜையின்மேல் விரித்தார்.

"பொத்தான் அத்தனையும் பத்திரம் மாஸ்டர். ஆனா நீங்க தைக்கிற கோட்டு எல்லாமே இப்படித்தானா? அழகுக்குப் பை மூடி மட்டும் வச்சு அடிச்சிருக்கீங்க; ரெண்டு கோட்டுலயும் ஒரு பைகூடக் கிடையாதே."