மாமாவின் பெயர் வைத்த தத்துப்பூச்சி

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகளும் சுகம். உங்கள் சுகத்தையும் அத்தையின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். உங்கள் பெயர் வைத்த பூச்சிதான் சுகமாக இல்லை. நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்காருங்கள்.

கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் 'பூச்சி மாப்பிள்ளை' என்றுதான் பெயர். பஸ் ஓட்டி நாலு பிள்ளைகளைக் கரையேற்றிய உங்களுக்கு, படித்த ஒருவன் சம்பளம் வாங்கிக்கொண்டு பூச்சி பிடிப்பது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். அப்படிப்பட்ட நீங்களே போன வருஷம் உங்கள் எலுமிச்சை மரத்தில் இலைச்சாறு குடிக்கும் அரிசி அளவு தத்துப்பூச்சி ஒன்றைப் பிடித்து, மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்தீர்கள். அது உலகத்துக்கே புதுசு என்று நான் கட்டுரை எழுதி, உங்கள் பெயரையே அதற்கு வைத்து, அது அச்சாகி வந்த அன்றுதான் முதல்முறையாக 'எங்க மாப்பிள்ளை' என்றீர்கள். அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு மாட்டி, கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட நிறுத்திவைத்து, "இது யார் பேருன்னு படிங்க பார்ப்போம்"னு கேட்டீங்களாமே. அத்தை சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

தத்துப்பூச்சிகள் பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. ஆண் பூச்சியின் வால்நுனியை வெட்டி, மருந்தில் ஊறவைத்து, உள்ளே இருப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் இது இன்னது என்று சொல்லலாம். (இந்த இடத்தை அத்தைக்குப் படித்துக்காட்ட வேண்டாம்.) உங்கள் பூச்சியை வெட்டிப் பார்த்த அன்று என் மேஜையில் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் உங்கள் பூச்சியின் வால், மற்றதில் ஏதோ ஒரு தீவிலிருந்து இரவலாக வந்த பூச்சியின் வால். இரண்டுக்கும் அடியில், எது யாருடையது என்று எழுதிய துண்டுச் சீட்டு. டிபன் டப்பா வைக்க இடமில்லாமல் கிண்ணங்களை நகர்த்தினேன், சீட்டுகளை நகர்த்தவில்லை. சாப்பிட்டு, கைகழுவி வந்து, கிண்ணங்களைச் சீட்டின் மேல் திரும்ப வைத்தேன். எதை எதன் மேல் வைத்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. தீவுக்காரர்களும் தங்கள் பூச்சியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்களைக் கேட்கவும் வெட்கம்.

அன்றைக்கு இதையெல்லாம் யார் யோசித்தார்கள்? யோசிக்க வைத்தவர் நீங்கள். "நம்ம பூச்சியோட சொந்தக்காரங்க, அதே மரம்" என்று எழுதி, போன வாரம் பதினேழு பூச்சிகளை அனுப்பினீர்கள். ஆசை ஆசையாக வெட்டிப் பார்த்தேன். பதினேழும் எல்லாத் தோட்டத்திலும் கிடக்கிற பழைய பூச்சி. அப்போதுதான் டிபன் டப்பா ஞாபகம் வந்தது. உங்கள் பூச்சியின் தலையோடு தீவுப் பூச்சியின் வாலைச் சேர்த்து, உலகத்திலேயே இல்லாத ஜீவனுக்கு உங்க பேரை வச்சிருக்கேன் மாமா. வெட்கம் பிடுங்கித் தின்னுது. உங்க மகள் என் முகத்தைப் பார்த்துட்டு, "என்ன, பல்வலியா?"ன்னு கேட்டா. ஆமான்னுட்டேன். பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவரும் சும்மா அனுப்பவில்லை, ஒன்றைப் பிடுங்கிவிட்டார்.

இன்று காலை, அப்படி ஒரு பூச்சியே கிடையாது, தப்பு முழுக்க என்னுடையது என்று, கட்டுரையை அச்சிட்ட பத்திரிகையின் ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். திட்டுவதானால் என்னை மட்டும் திட்டுங்கள், உங்கள் மகளுக்கு இதில் பங்கில்லை. அத்தைக்கு என் வணக்கம். எனக்கென்று ஆசி ஏதும் மிச்சமிருந்தால் அதை வேண்டும்,

பூச்சி மாப்பிள்ளை.

பி.கு.: உறையை ஒட்டும்போது உங்கள் போன் வந்தது. "கோவிச்சுக்கக் கூடாது மாப்ளே. ஒரு மாசம் தேடியும் நம்ம மரத்துல ஒண்ணுகூடக் கிடைக்கல. உங்களுக்கு வெறுங்கையக் காட்ட வெக்கமா இருந்துச்சு. அந்தப் பதினேழும் பக்கத்து வீட்டு வேலியில பிடிச்சது" என்றீர்கள். "பரவாயில்ல மாமா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்படியென்றால் கிண்ணத்தை நான் சரியாகவே வைத்திருக்கலாம். உங்கள் பூச்சி நிஜமாகவே புதுசாக இருக்கலாம். ஆசிரியரிடம் ஓடலாம் என்று கம்ப்யூட்டரைத் திறந்தால், அதற்குள் அவர் பதிலே வந்திருக்கிறது. என் நேர்மையைக் கண்டு நெகிழ்ந்துவிட்டாராம், என் மின்னஞ்சலைப் பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே போடுகிறாராம்.