மூச்சண்ணனும் தானாகப் பார்க்கும் கேமராவும்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு மனிதருக்காக ஊரே மூச்சை அடக்கியது என்றால் அது எங்கள் மூச்சண்ணனுக்காகத்தான். என்னோடு வக்கீல் ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. ஞாயிறானால் கலைப் புகைப்படக்காரர். பட்டனை அமுக்குமுன் எதிரில் நிற்பவர், பக்கத்தில் நிற்பவர் எல்லோரும் மூச்சை நிறுத்த வேண்டும். "விட்டா காத்து அசையுதுலா!" என்பார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை மயங்கியே விழுந்தார்.

எண்பதுகளின் நடுவில், தானாகவே ஃபோக்கஸ் செய்யும் கேமரா வந்தது. எங்கள் ஊர்ப் புகைப்படச் சங்கத்தில் ஒரே சண்டை. அண்ணன் மேசையைக் குத்தினார்.

"மெஷினு பாத்து எடுத்தா அது கலையா? அப்ப மாலையையும் மெஷினுக்கே போடுங்க!"

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார். "தம்பி, அது நெசமாவே தானா பாக்குமா?"

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆபீஸ் கடிதங்களை நான்தான் ரகசியமாகப் படித்துக் காட்டுவேன். ஆபரேஷன் என்றாலே நடுங்குவார். "கத்தி பட்டு இருக்கிறதும் போச்சுன்னா?" என்று ஒரு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தார். இப்படியே முழுசாகப் போய்விடுமோ என்று எனக்குத் தூக்கமில்லை.

சங்கத்து நண்பர் ஒருவரிடம் கெஞ்சி, அந்தக் கேமராவை ஒரு நாள் இரவல் வாங்கினேன். விடிந்ததும் சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். பனிமூட்டத்தில் ரப்பர் மரங்களை எடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பட்டனைத் தொட்டார். லென்ஸ் கிர்ரென்று முன்னே போனது, கிர்ரென்று பின்னே வந்தது. பனிக்குள் எதைப் பிடிப்பதென்று அதற்குத் தெரியவில்லை. பத்து நிமிடம் இதே கூத்துதான்.

"அலாமாக்! இதுக்கும் புரைடா," என்றார். குரல் உடைந்திருந்தது.

பதறிப்போய் அவர் முன்னால் ஓடி நின்றேன். கேமரா உடனே 'பீப்' என்றது. அமுக்கிவிட்டார்.

"யாருப்பா அது குறுக்க?"

நான்கடி தூரத்தில்தான் நின்றிருந்தேன்.

"நாந்தாண்ணே."

அண்ணன் கேமராவை மெல்ல இறக்கினார். "சரி தம்பி, போலாம். அறுத்துக்கிறேன்."

ஆபரேஷன் முடிந்து புதுக் கண்ணாடி வந்த அன்று அந்தப் படத்தை நீட்டினேன். பனிக்கு நடுவே என் முகம், மீசை முடியை எண்ணலாம்.

"மெஷினு நல்லாத்தான் பாத்திருக்கு," என்றார் அரை மனதாக. பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஏன்டா, அழுவுற மாதிரி நிக்கிற?"

"வெயில் கூசிச்சுண்ணே."

பனியில் ஏது வெயில்? அவரும் கேட்கவில்லை.